ஒரே பேருந்து, இரண்டு விசா: ஆரணியிலிருந்து அங்கோர் போய்த் திரும்பிய கதை

பொங்கல் விடுமுறையோடு நான்கு நாள் விடுப்பைச் சேர்த்துக்கொண்டு, இந்த ஜனவரியில் நானும் கஸ்தூரியும் மலேசியா, வியட்நாம், கம்போடியா என்று மூன்று நாடுகளுக்குப் போய்வந்தோம். ஒன்பது நாள் பயணம். போட்டோக்களைப் பார்த்த பலர், "விசாவெல்லாம் எப்படி எடுத்தீங்க?" என்று கேட்கிறார்கள். அதனால் கோயில் அழகையெல்லாம் ஒதுக்கிவிட்டு விசாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இதே வழியில் போகத் திட்டமிடுபவர்கள் பொறுமையாகக் கடைசி வரை படியுங்கள்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஆரணியில் அரசுப் பள்ளி ஆசிரியை. சொந்த ஊர் சமணக் கோயில் உள்ள திருமலைக்குப் பக்கம். கஸ்தூரி என் பக்கத்து வீட்டுக்காரி, நான்கு பவர்லூம் தறி வைத்து நடத்துகிறாள். வயது நாற்பத்தெட்டு. அதுவரை விமானத்தில் ஏறியதில்லை. கம்போடியாவின் அங்கோர் கோயிலை யாரோ அனுப்பிய வீடியோவில் பார்த்துவிட்டு, "டீச்சர், இதுக்கு எப்படிப் போறது?" என்று அவள்தான் ஆரம்பித்தாள். நான் இலங்கைக்கு ஒரு முறையும் மலேசியாவுக்கு இரண்டு முறையும் போய்வந்தவள். அந்தத் தகுதியில் எங்கள் தெருவில் நான்தான் வெளிநாட்டு விவகாரத்துக்கு நிபுணர்.

கஸ்தூரியின் மகன் தினேஷ் சம்மதிக்கவே இல்லை. "அம்மாவுக்கு இங்லீஷும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீங்க கூடவே இருப்பீங்கன்னாதான் அனுப்புவேன், டீச்சர். ஒரு நிமிஷம் தனியா விடக்கூடாது" என்றான். விட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இனி விசா. மலேசியாவுக்கு நம்மவர்களுக்கு இப்போதைக்கு சுற்றுலா விசா தேவையில்லை. ஆனால் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். வியட்நாமுக்கு இணையத்தில் இ-விசா. கம்போடியாவுக்கும் இ-விசா உண்டு, போய் இறங்கியும் வாங்கலாம். நான் முதலில் ஒரு இணையதளத்தில் வியட்நாம் விண்ணப்பத்தைப் பாதி நிரப்பிய பிறகுதான் அது அரசாங்கத் தளமே இல்லை, ஏதோ ஏஜென்சி என்று தெரிந்தது. அப்படியே அரசாங்க முத்திரை மாதிரி ஒன்றை மேலே போட்டிருக்கிறார்கள்! அதை மூடிவிட்டு உண்மையான தளத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று.

என் விண்ணப்பத்தை நானே வீட்டில் உட்கார்ந்து நிரப்பினேன். 'சிங்கிள் என்ட்ரி', 'மல்டிபிள் என்ட்ரி' என்று இரண்டு கட்டம். ஒற்றைக்கு இருபத்தைந்து டாலர், பலமுறைக்கு ஐம்பது டாலர். ஒரு தடவைதானே வியட்நாம் போகிறோம் என்று ஒற்றையைச் சொடுக்கினேன். கஸ்தூரியின் பாஸ்போர்ட் வர ஒரு மாதம் தாமதமானது. அதற்காகக் கண்ணமங்கலம் வழியாக வேலூருக்கு அவள் இரண்டு முறை பஸ்ஸில் போய்வந்தாள். பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது நான் பள்ளித் தேர்வு வேலையில் இருந்தேன். அவளே பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் விண்ணப்பித்துவிட்டாள். ஐம்பது டாலருக்குப் பணம் வாங்கியிருந்தார்கள். "உன்னை நல்லா ஏமாத்திட்டான்" என்று நான்தான் சத்தம் போட்டேன்.

பயணம் நன்றாகவே தொடங்கியது. சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சென்னையிலிருந்து விமானம். நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். போக வர டிக்கெட் ஒருவருக்கு 17,400 ரூபாய். ஒரு ராத்திரி தங்கல். மறுநாள் வியட்நாமின் ஹோ சி மின் நகருக்குத் தனி டிக்கெட், போக வர 11,200. இரண்டையும் தனித்தனியாக எடுத்தது மலிவு என்பதற்காகத்தான். அது பின்னால் எங்களைக் காப்பாற்றும் என்று தெரிந்து செய்ததில்லை.

ஹோ சி மின் நகரில் இரண்டு நாள். ஓட்டல் அறை ஒரு நாளைக்கு 1,600 ரூபாய். திரும்பவும் இங்கேதான் வந்து விமானம் ஏறப் போகிறோம் என்பதால், பெரிய பெட்டியை ஓட்டலிலேயே விட்டுவிட்டோம். செவ்வாய்க்கிழமை பேருந்தில் கம்போடியத் தலைநகர் புனோம் பென். சுமார் 230 கிலோமீட்டர், எல்லையில் நிற்பதையும் சேர்த்து ஆறரை மணி நேரம், ஆளுக்கு இருபது டாலர். எல்லையில் நடத்துநரே எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் கம்போடிய விசாவுக்கான பணத்தையும் வாங்கிக்கொண்டு போய் முத்திரை குத்திக் கொண்டுவந்தார். இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

மறுநாள் அங்கிருந்து, அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்புக்கு ஆறு மணி நேரம். வியாழக்கிழமை முழுவதும் அங்கோர். ஒரு நாள் அனுமதிச் சீட்டு 37 டாலர். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் சமண வீட்டுப் பெண். வெங்காயம், பூண்டு, கிழங்கு கிடையாது. இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டும். புளிக்காய்ச்சல் பாட்டிலும் சிறிய ரைஸ் குக்கரும் என்னைக் காப்பாற்றின. கஸ்தூரி கிடைத்த எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை புனோம் பென் திரும்பினோம். சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஹோ சி மின் பேருந்து. ஞாயிறு காலை 11.10க்கு அங்கிருந்து கோலாலம்பூர் விமானம். அன்றே இரவு 8.40க்குச் சென்னை விமானம். திங்கள் காலை நான் பள்ளியில் இருந்தாக வேண்டும். அரசு ஊழியர் வெளிநாடு போக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், தெரியும் அல்லவா? அந்தக் கடிதத்தில் திரும்பும் நாளும் உண்டு. அன்றைக்குத்தான் பன்னிரண்டாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வும் தொடங்கியது.

எட்டேகால் மணிக்குப் பேருந்து வாசலில் நடத்துநர் எல்லாருடைய விசாத் தாளையும் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயதுப் பையன், சிரித்த முகம். கஸ்தூரியின் தாளைப் பார்த்து, "ஓகே" என்றார். என் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரையைப் பார்த்தார்.

"நீங்க, நோ" என்றார்.

தொண்ணூறு நாள் செல்லுபடி என்று தாளில் போட்டிருப்பதைக் காட்டினேன். இன்னும் எண்பது நாளுக்கு மேல் இருக்கிறதே என்றேன். அவர் 'சிங்கிள்' என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "ஒன் டைம். ஃபினிஷ்."

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. ஒரு தடவைதானே போயிருக்கிறேன்? இப்போது போவது திரும்புவதற்குத்தானே, அது எப்படி இரண்டாவது தடவை ஆகும்? பெட்டி அங்கே, டிக்கெட் அங்கே, தங்கப்போகும் அறையும் அங்கே. என் மனதில் நான் வியட்நாமைவிட்டு வெளியே வரவே இல்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை எல்லையில் வெளியேறும் முத்திரை விழுந்த நொடியே அந்த விசா செத்துப்போயிருக்கிறது. நான்கு நாளாகச் செத்த தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

"அப்போ எனுக்கு மட்டும் எப்படி ஓகே?" என்றாள் கஸ்தூரி. அவள் தாளை வாங்கிப் பார்த்தேன். 'மல்டிபிள்' என்று இருந்தது.

பேருந்து கிளம்ப இருபது நிமிடம்கூட இல்லை. பக்கத்துக் கடையில் 'விசா எடுத்துத் தரப்படும்' என்று ஆங்கிலப் பலகை. ஓடினேன். அங்கிருந்த பெண் நாள்காட்டியைக் காட்டி, சனி ஞாயிறு அலுவலகம் கிடையாது, அவசர விசா என்றாலும் திங்கள்தான் என்றார். சரி, வியட்நாமே வேண்டாம், இங்கிருந்து நேராகக் கோலாலம்பூருக்குப் பறக்கலாம் என்று போனைத் திறந்தேன். ஞாயிறு மதியம் பன்னிரண்டரை விமானத்தில் 13,600 ரூபாய்க்கு ஒரே ஒரு இடம். இரண்டு பேர் என்று போட்டால் 'இல்லை' என்று வந்தது. பாங்காக் வழியாக இரண்டு இடம் இருந்தது, ஆளுக்கு 31,000. அதுவும் இரண்டு தனி டிக்கெட். அப்படியானால் பாங்காக்கில் இறங்கிப் பெட்டியை எடுத்து மறுபடி ஏற்ற வேண்டுமா? அப்படி இறங்கினால் அது தாய்லாந்துக்குள் நுழைவதா? அதற்கு என்ன படிவம்? ஒவ்வொரு பக்கமாகத் திறந்தேன். ஒரு பக்கம் சொன்னதை அடுத்த பக்கம் மறுத்தது.

கஸ்தூரி என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"டீச்சர், அந்த ஒரு சீட்ட நீங்க எடுங்க. நான் பஸ்ல போறேன்."

"பைத்தியமா உனக்கு? தனியாவா?"

"எனுக்குத்தான் விசா கீதே. பெட்டி கீது, ரூம் கீது, பிளேன் டிக்கெட்டும் கீது. அப்புறம் இன்னா?"

"தினேஷுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவன் இன்னா சொல்றது? நான் நாலு தறி ஓட்டறேன், பேங்க்குல லோன் வாங்கறேன், சூரத்துக்காரன்கிட்ட நூலுக்கு சண்ட போடறேன். இங்க வந்து உங்க பின்னாடியே நடந்துகினு இருக்கறதால ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சிட்டீங்களா? ஜல்தி சொல்லுங்க, அந்தப் பையன் கதவ மூடறான்."

ஏற்றிவிடும் முன் அவள் தாளை மறுபடி வாங்கிப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. அவள் தாளில் நுழையும் இடம் என்ற கட்டத்தில் ஹோ சி மின் விமான நிலையம் என்று இருந்தது. இப்போது அவள் போவது தரைவழி எல்லை. நடத்துநரிடம் காட்டினேன். அவர் கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினார். "மேபி ஓகே" என்றார்.

அந்த 'மேபி'யோடு அவளை ஏற்றிவிட்டேன். ஓட்டல் முகவரி, விமான எண், என் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். பேருந்து திரும்பி மறைந்ததும் அந்தக் கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். விசாக் கடைப் பெண் ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வேலையாக அந்த ஒற்றை இடத்தை எடுத்தேன். ஹோ சி மின்னிலிருந்து திரும்பும் டிக்கெட் வீணானாலும், தனியாக எடுத்த சென்னை டிக்கெட் கெடாமல் இருந்தது. பத்தரை மணிக்கு, நம்மூரில் அப்போது ஒன்பது, ஆரணிக் கம்ப்யூட்டர் சென்டருக்கு போன் போட்டேன். அங்கே அப்போதுதான் கடை திறந்திருந்தார்கள். நுழையும் இடத்தை ஏன் விமான நிலையம் என்று மட்டும் போட்டீர்கள், மல்டிபிள் என்று எதை வைத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். பயணத் திட்டத்தைக் கேட்டு, யோசித்துத்தான் சென்டர்காரர் செய்திருப்பார் என்று நினைத்தேன்.

"அது எனக்கு இன்னா தெரியுங்க டீச்சர்? ரெண்டு கட்டம் இருந்துச்சு. அந்தக்கா தூர தேசம் போறாங்களே, பெருசாவே போட்ருவோம்னு போட்டேன். தப்பாய்டுச்சுங்களா?"

தப்பாகவில்லை, சரியாகத்தான் போட்டிருக்கிறீர்கள் என்றேன். அவர் அதற்கும் குழம்பினார்.

எல்லையைப் பேருந்து ஒரு மணி வாக்கில் தொடும் என்று கணக்கு. கஸ்தூரியின் வியட்நாம் சிம் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் வேலை செய்யும். உள்ளே விட்டால் செய்தி வரும். விடவில்லை என்றால் எதுவும் வராது. ஒரு மணி ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பேருந்துக் கம்பெனி அலுவலகத்தில் கேட்டேன். 'பஸ் போய்க்கொண்டிருக்கிறது' என்றார்கள். யார் யார் அதில் இருக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இரண்டே முக்காலுக்கு தினேஷ் கூப்பிட்டான். போன் அடித்து ஓயும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்கவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்தது இதுதான்.

மூன்று நாற்பதுக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது. பின்னால் ஹாரன் சத்தம். "டீச்சர், ஓட்டலுக்கு வந்துட்டேன். உள்ள வுட்டுட்டாங்க. பெட்டி பத்திரமா கீது. வந்து பேசறேன்."

அத்துடன் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் சாயங்காலம் சாப்பாட்டை முடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது மலேசிய வருகை அட்டை நினைவுக்கு வந்தது. போகும்போது நிரப்பியது ஒரு நுழைவுக்கு. இப்போது மறுபடி நுழைகிறோம். விமான நிலையத்தைவிட்டு வெளியே போகாதவர்களுக்கு அட்டை வேண்டாம் என்கிறார்கள். ஆனால் எங்களுடையது தனித்தனி டிக்கெட். பெட்டியை எடுத்துத் திரும்பப் போட வேண்டுமானால் குடியேற்றச் சோதனையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். இதில் நாங்கள் விமானம் மாறுபவர்களா, நுழைபவர்களா? இணையத்தில் இரண்டுக்கும் ஆதரவாக ஆட்கள் எழுதியிருந்தார்கள். என் போனில் கஸ்தூரியின் பாஸ்போர்ட் படம் இருந்ததால் இரண்டு பேருக்கும் நிரப்பி அனுப்பிவிட்டேன். அட்டைக்குக் கட்டணம் இல்லை. நிரப்பி வைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கே கிளம்பினேன். புனோம் பென் விமான நிலையம் இப்போது நகரத்துக்கு வெளியே இருபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. டாக்சிக்குப் பதினைந்து டாலர், முக்கால் மணி நேரம். கோலாலம்பூரில் மூன்றரைக்கு இறங்கினேன். குடியேற்ற அதிகாரி என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கஸ்தூரி இரண்டு மணிக்கே வந்திருக்க வேண்டும். வெளியே வந்ததும் தேடினேன். நான் நினைத்து வைத்திருந்தது, பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு மூலையில் பயந்து உட்கார்ந்திருப்பாள் என்று. அவள் வருகைக் கூடத்து டீக்கடையில், மலேசியத் தமிழ்ப் பெண்மணி ஒருவரோடு புடவை பேசிக்கொண்டிருந்தாள். போனில் தன் தறியில் நெய்த புடவைகளைக் காட்டி, தூய பட்டுக்கும் கலப்புக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

"அங்க என்னாச்சு சொல்லு."

"பார்டர்லயா? எல்லாரையும் அனுப்பிட்டு என்ன மட்டும் ஓரமா ஒக்கார வெச்சிட்டாங்க. ஒரு ஆபீசர் வந்து பேப்பர பாத்தாரு, என்ன பாத்தாரு. இன்னொருத்தர கூப்ட்டாரு. அவரும் பாத்தாரு. என்னமோ கேட்டாங்க, எனுக்கு ஒண்ணும் புரியல. நீங்க எழுதிக் குடுத்தீங்களே, அந்தப் பேப்பரக் குடுத்தேன். பிளேன் டிக்கெட்டக் காட்டினேன். முக்கா மணி நேரம். பேஜாராப் போச்சு."

"பயந்துட்டியா?"

"மொதல்ல பயம்தான். அப்புறம் அவங்க மூஞ்சியப் பாத்தேன். அவங்களுக்கே தெரியல, டீச்சர். உள்ள வுடலாமா வாணாமான்னு அவங்களே ஒருத்தர ஒருத்தர் கேட்டுகினு இருந்தாங்க. சரி, இவங்களும் நம்பள மாதிரிதான்னு சும்மா ஒக்காந்துட்டேன். கடசில குத்திக் குடுத்துட்டாங்க."

கொஞ்ச நேரம் கழித்து டீயைக் குடித்துக்கொண்டே, "அடுத்த வாட்டி நீங்க வந்தே ஆவணும்னு இல்ல, டீச்சர்" என்றாள். சிரித்தேன். கொஞ்சம் வலிக்கவும் செய்தது. அங்கிருந்தே தினேஷைக் கூப்பிட்டாள். நடந்ததை அவளே சொன்னாள். அந்தப் பக்கம் அவன் கத்துவது எனக்கும் கேட்டது. "கத்தி முடிச்சிட்டியா? நாளைக்கு ரெண்டாம் தறிக்கு ஆள் வரச் சொல்லு" என்று வைத்துவிட்டாள். திங்கள் காலை ஒன்பது மணிக்கு நான் தேர்வு அறையில் இருந்தேன்.

இனி உங்களுக்குச் சொல்ல வேண்டியவை. ஒரு நாட்டைவிட்டு வெளியேறி அதே நாட்டுக்குத் திரும்ப வருகிறீர்கள் என்றால், அது ஒரு மணி நேரத்துக்கானாலும் புதிய நுழைவு. 'எத்தனை நாள் செல்லும்' என்பதும் 'எத்தனை முறை நுழையலாம்' என்பதும் வேறு வேறு. நான் முதலாவதை மட்டும் பார்த்தேன். உங்கள் வழியை ஒரு தாளில் கோடாகப் போட்டு, எல்லையைக் கோடு வெட்டும் ஒவ்வோர் இடத்திலும் எந்த விசா, எந்தப் படிவம் என்று எழுதுங்கள். முடிந்தால் போன வழியே திரும்பாதீர்கள். ஒரு நாட்டில் இறங்கி அடுத்த நாட்டிலிருந்து பறந்தால் இந்தச் சிக்கலே வராது. நுழையும் இடத்தையும் சரியாகப் போடுங்கள். கஸ்தூரியை விட்டார்கள் என்பதற்காக உங்களையும் விடுவார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். இரண்டு பேர் போனால் இருவர் விசாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நாங்கள் அதைச் செய்திருந்தால் ஆரணியிலேயே தெரிந்திருக்கும். நான் எழுதியிருக்கும் கட்டணமும் விதியும் நாங்கள் போனபோது இருந்தவை. நீங்கள் போவதற்குள் மாறியிருக்கலாம், அரசாங்கத் தளத்தில் நீங்களே பாருங்கள்.

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. என்னை மறுத்தது பேருந்து நடத்துநர்தான், எந்த அதிகாரியும் இல்லை. அன்று நானும் ஏறிப்போயிருந்தால் எல்லையில் என்ன நடந்திருக்கும்? திருப்பி அனுப்பியிருப்பார்களா, அபராதம் போட்டிருப்பார்களா, அங்கேயே விசா கொடுத்திருப்பார்களா? மூன்று பேரைக் கேட்டுவிட்டேன். மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்று நாடுகளின் விதிகளையும் படித்த நான் அந்த எல்லைக்கே போகவில்லை. ஒரு வரியும் படிக்காத கஸ்தூரி அதைத் தாண்டி வந்துவிட்டாள். அதனால் எல்லையைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் அவளைக் கேளுங்கள். பகலில் தறிச் சத்தத்தில் அவளுக்குக் காது கேட்காது. ஆறு மணிக்கு மேல் வாருங்கள்.